இலை கறுத்தால் எறும்பைப் பாருங்கள்

மழை ஓய்ந்த தை மாதத்திலிருந்து சித்திரை வெயில் வரை தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் ஒரே புகார்தான். செம்பருத்தி இலையில் கரி அப்பியிருக்கிறது. கொய்யாவிலும் கரி, கறிவேப்பிலையிலும் கரி. கூடவே கொழுந்து சுருள்கிறது, மொட்டு உதிர்கிறது, கணுக்களில் வெள்ளை வெள்ளையாக மாவு. இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்குப் போனால் ஒரு பூஞ்சாணக்கொல்லிப் பொட்டலமும் ஒரு பூச்சிக்கொல்லிப் பாட்டிலும் சேர்ந்தே வரும். ‘ரெண்டையும் கலந்து அடிங்க’ என்ற யோசனை இலவசம். சில நாள் செடி பளிச்சென்று இருக்கும். பிறகு மாவு திரும்பும், பல சமயம் முன்பைவிடக் கூடுதலாக. அடுத்த முறை இன்னும் ‘ஸ்ட்ராங்கான’ மருந்து. இந்தச் சுற்றுக்கு மருந்தின் தரத்தையோ கடைக்காரரையோ குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுப் புதர்ச் செடிகளில் சாறு உறிஞ்சும் பூச்சிக்கும், அதன் பின்னால் வரும் கரும்பூசணத்துக்கும் முதல் வைத்தியம் எறும்பைத் தடுப்பது. பாட்டில் கடைசி வைத்தியம். நாம் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தக் கரி என்னவென்று பார்த்துவிடுவோம். கறுத்த இலையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பு துணியோடு வந்துவிடும், அடியில் இலை பச்சையாகவே இருக்கும். உண்மையான இலை நோய் துடைத்தால் போகாது. அது இலைத் திசுவுக்குள் வேர்விட்டிருக்கும். கரும்பூசணம் இலையைத் தின்பதில்லை, இலைமேல் சிந்திய சர்க்கரையைத் தின்கிறது. சர்க்கரை எங்கிருந்து வந்தது? அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, வெள்ளை ஈ எல்லாமே ஊசி போன்ற வாயை இலை நரம்பில் செருகிச் செடியின் உணவுச் சாற்றை உறிஞ்சுகின்றன. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், பூச்சி வளரத் தேவையான புரதச் சத்து சொற்பம். சொற்பமானதைச் சேர்க்க ஏராளத்தைக் குடித்தாக வேண்டும். மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரைப் பின்புறமாக வெளியேற்றியாக வேண்டும். அந்தத் தேன்கழிவுதான் கீழேயுள்ள இலைகளில் பிசுபிசுவென்று படிகிறது. காற்றில் மிதக்கும் பூசண வித்து அதில் விழுந்து முளைக்கிறது. ஆகவே கறுத்த இலைக்கு நேர் மேலே இருக்கும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், குற்றவாளி அங்கேதான் உட்கார்ந்திருப்பான். கறுப்பு வெளிச்சத்தை மறைத்து இலையின் உணவுத் தயாரிப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் தேன்கழிவு நின்றால் பூசணம் பட்டினி கிடந்து, காய்ந்து, தானாக உதிரும். அவசரப்படுபவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாமரத்துக்குச் சொல்லும் ஒரு வழி உண்டு: ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கித் தெளிப்பது. கஞ்சி வெயிலில் காய்ந்து ஏடாக உரியும்போது கரியையும் பெயர்த்துக்கொண்டு விழும். வீட்டுச் செடிக்கு இந்த அளவில் இருபதில் ஒரு பங்கு போதும். பூஞ்சாணக்கொல்லிக்கு இங்கே வேலையே இல்லை.

இனி எறும்பு. தேன்கழிவு சொட்டும் செடியில் எறும்புச் சாரை இல்லாமல் இருப்பது அபூர்வம். எறும்பு செடியைக் கடிப்பதில்லை, அதனால் நாம் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. ஆனால் அது அங்கே காவல்காரன். மாவுப்பூச்சியை முகர வரும் குளவியை விரட்டுகிறது, பொறிவண்டின் முட்டையையும் புழுவையும் கடித்துத் தள்ளுகிறது, தேங்கிய தேன்கழிவில் பூச்சிகள் தாமே மூழ்கிச் சாகாதபடி உடனுக்குடன் சுத்தம் செய்கிறது. சில வகை எறும்புகள் இளம் பூச்சிகளைப் புதுக் கொழுந்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் எறும்பு ஏறாமல் தடுத்த மரங்களில் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் சரிவதைப் பூச்சியியலாளர்கள் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். பூச்சிக்கு எதிராக ஒரு சொட்டு மருந்தும் அடிக்காமல், காவலை மட்டும் விலக்கியதில் வந்த பலன் அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எறும்பு கம்பளிப்புழுவையும் தின்கிறதே. அதை விரட்டினால் இலை தின்னும் புழு பெருகாதா? முசுறு எறும்பை மா, முந்திரித் தோட்டங்களில் வேண்டுமென்றே வளர்க்கும் வழக்கமும் இருக்கிறது. சரிதான். எறும்பைக் கொல்லச் சொல்லவில்லை, புற்றில் மருந்து ஊற்றவும் சொல்லவில்லை. மாவும் கரியும் கண்ட செடியில் மட்டும், அது ஏறும் வழியை அடைத்தால் போதும். தண்டில் ஒரு கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளையோ டேப்பையோ இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் கிரீஸைத் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவினால் தண்டு வெந்துபோகும். தூசி படிந்து கிரீஸ் காய்ந்தால் எறும்பு அதையே சாலையாக்கிக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பலருக்கு இந்த முறை தோற்பதற்குக் காரணம் வேறு: சுவரில் உரசும் ஒரு கிளை, கொடிக்கம்பி, பக்கத்துத் தொட்டியின் இலை, இவற்றில் ஒன்று பாலமாகிவிடும். அந்தப் பாலத்தை விலக்கினால்தான் கிரீஸ் பட்டைக்கு அர்த்தம். அடியிலேயே பல தண்டாகப் பிரியும் புதருக்குப் பட்டை கட்டுவது கஷ்டம். தொட்டிச் செடியானால் தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் செங்கல் வைத்து ஏற்றிவிடலாம், தண்ணீரைக் கொசு முட்டையிடுமுன் மாற்றிக்கொண்டே இருப்பதாக இருந்தால்.

காவல் விலகியதும் யார் வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், வந்த விருந்தாளியை நாமே நசுக்கிவிடுவோம். இது வெறும் எச்சரிக்கை அல்ல, தினமும் நடப்பது. மாவுப்பூச்சியைத் தின்பதில் பேர்போன ஒரு பொறிவண்டு உண்டு, கிரிப்டோலீமஸ் என்று பெயர். அதன் புழு உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, பார்வைக்கு அச்சு அசலாக ஒரு பெரிய மாவுப்பூச்சி. பார்த்த மாத்திரத்தில் மருந்தடிக்கத் தோன்றும். வித்தியாசம் இரண்டே: மாவுப்பூச்சி 3 மில்லிமீட்டர் அளவில் கிட்டத்தட்ட உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும், இந்தப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும், தொட்டால் சுறுசுறுவென்று ஓடும். அசுவினிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு உப்பி, காகிதம்போல் பழுப்பேறி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஒரு ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது என்று பொருள். வெள்ளை ஈயின் வெற்றுக் கூட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈ தானே வெளியேறியிருந்தால் ‘டி’ வடிவக் கீறல் இருக்கும். குளவி வெளியேறியிருந்தால் ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளை. ஓர் இலையில் வட்டத் துளைகள் அதிகம் தென்பட்டால் அந்தச் செடியில் மருந்தடிப்பது அறிவீனம், ஏனென்றால் வேலை ஏற்கெனவே பாதி முடிந்துவிட்டது. வேலியோரத்து எருக்கில் மஞ்சள் மஞ்சளாக அப்பிக் கிடக்கும் அசுவினியையும் விட்டுவிடுவதே நல்லது. அது செம்பருத்தியைத் தேடி வரும் இனம் அல்ல. ஆனால் அதைத் தின்று பெருகும் பொறிவண்டுகள் நம் செடிகளுக்கும் வரும்.

‘இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையில் பொறிவண்டை நம்பி யாராவது பிழைத்திருக்கிறார்களா?’ என்று கேட்கலாம். கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தொழிலே பிழைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து செடிகளோடு போய்ச் சேர்ந்த ஒரு செதில் பூச்சி, 1880-களில் அங்கே தோட்டம் தோட்டமாக அழித்தது. அதன் எதிரியைத் தேடி அமெரிக்க வேளாண் துறை ஆல்பர்ட் கோபெல் என்பவரை 1888-ல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. பூச்சியியலாளர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு அப்போது பணம் ஒதுக்கத் தடை இருந்ததால், மெல்போர்ன் கண்காட்சிக்குப் போகும் குழுவோடு அவரைச் சேர்த்து அனுப்பினார்கள். அரசு அலுவலகங்கள் எங்கும் ஒன்றுதான். அவர் அனுப்பிய முதல் 129 வேதாலியா பொறிவண்டுகளை லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஆரஞ்சு மரத்தைக் கூடாரத்துணியால் மூடி அதற்குள் விட்டார்கள். 1889 முடிவதற்குள் பூச்சி அடங்கிவிட்டது. அதே பூச்சி 1920-களில் நீலகிரியின் சீகை மரங்களில் தென்பட்டபோது இங்கேயும் அந்த வண்டே வரவழைக்கப்பட்டது. ஆனால் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது பின்பாதி. சுமார் அறுபது ஆண்டு தலைகாட்டாத அந்தச் செதில் பூச்சி, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கலிபோர்னியாவில் மறுபடி வெடித்தது. காரணம், வேறு பூச்சிகளுக்காகத் தோட்டங்களில் டி.டி.டி. அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த செதில் பூச்சி தப்பியது, திறந்த உடம்போடு நடமாடிய வண்டு செத்தது. டி.டி.டி.-யை நிறுத்தி வண்டைத் திரும்ப விட்ட பிறகே நிலைமை சரியானது. பாட்டில் பூச்சியைக் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. நம் செம்பருத்தியில் மாவு ‘முன்பைவிடக் கூடுதலாக’ திரும்புவதற்கும் இதே கணக்குதான். மாவுப்பூச்சியின் முட்டைப் பை மெழுகு நூலுக்குள் பத்திரமாக இருக்கிறது, ஒரு பெண் சில நூறு முட்டை இடுகிறது. அதைத் தின்ன வந்தவை மட்டும் போய்விட்டன.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. நாட்டுப் பூச்சிக்கு நாட்டு எதிரி இருக்கும். புதிதாகக் கப்பலேறி வந்த பூச்சிக்கு யார் இருக்கிறார்கள்? 2008-ல் கோயம்புத்தூரில் இந்தக் கேள்வி வயிற்றில் அடித்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அங்கே தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, வீட்டுச் செம்பருத்தியிலிருந்து ரோட்டோரப் பார்த்தீனியம் வரை வெள்ளையடித்தது. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரியில் கண்டபடி மருந்தும் அடிக்க முடியாது, அடித்தால் புழு சாகும். மற்றவர்கள் அடித்தார்கள், திரும்பத் திரும்ப அடித்தார்கள், பூச்சி குறையவில்லை. 2010-ல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குப் புலப்படுவதே சிரமமான ஒரு குளவியை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டது. ஓராண்டு வட்டத்துக்குள் பூச்சி ஒரு பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. ஆகவே மறுப்பில் பாதி சரி: புது வரவுக்கு எதிரியைத் தேடிக் கொண்டுவர வேண்டும், அது வீட்டுக்காரர் வேலை அல்ல, அரசின் வேலை. மறுபாதி தவறு: அதுவரை மருந்தடித்தால் சமாளிக்கலாம் என்பது அந்த இரண்டு ஆண்டுகளிலேயே பொய்த்துப்போனது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் தொடங்கிய சுருள் வெள்ளை ஈ இன்னொரு பாடம். தென்னை ஓலையின் அடியில் வட்ட வட்டமாக முட்டை, அதன்கீழ் நிற்கும் வாழை, கொய்யா, கார், மொட்டைமாடி எல்லாவற்றிலும் கரி. அதன் எதிரியான என்கார்சியா குளவி, பழைய வெள்ளை ஈ ஒன்றைத் தொடர்ந்து யாரும் அழைக்காமலே இங்கு வந்து தங்கியிருந்தது. மருந்தடிக்காதீர்கள், குளவியைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் அப்போது விஞ்ஞானிகள் சொன்ன முதல் அறிவுரை. தென்னையில் அது இன்னும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த முறையில் பூச்சி ஒழியாது, அடங்கியிருக்கும்.

நம் செம்பருத்திக் கொழுந்தைக் கொத்தாகச் சுருட்டும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி ஆசியாவின் பூச்சி. 1994-ல் கரீபியத் தீவான கிரெனடாவில் அது தென்பட்டபோது, அங்கே செம்பருத்தி வேலிகள் முழுதும் நாசமாயின. ஆசியாவிலிருந்து குளவியையும், நான் மேலே சொன்ன கிரிப்டோலீமஸ் வண்டையும் விட்டுத்தான் அடக்கினார்கள். இங்கே அதே பூச்சி இருந்தும் செம்பருத்தி ஊரெங்கும் பூக்கிறது. அந்த வேறுபாட்டுக்குக் காரணமான சிற்றுயிர்களைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டிலைக் கலக்கிக் கொல்கிறோம்.

விவசாயி காத்திருக்க முடியாது, அவருக்கு மகசூல், கடன், சந்தை விலை எல்லாம் இருக்கிறது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது விவசாயத்தைப் பற்றிய வாதம் அல்ல. வாசலில் நிற்கும் ஆறு செடிக்கு மகசூல் இலக்கு கிடையாது. பத்து இலை கறுத்தால் குடி முழுகாது. மாறாக வயலில் இல்லாத ஓர் ஆபத்து வீட்டில் உண்டு. நேற்று அடித்த கறிவேப்பிலையை இன்று தாளிப்பில் போடுகிறோம், அடித்த செம்பருத்தியைச் சாமிக்கு வைக்கிறோம், சிலர் தலைக்கு அரைக்கிறார்கள். அறுவடைக்கு முன் இத்தனை நாள் இடைவெளி விடவேண்டும் என்ற குறிப்பு பாட்டில் லேபிளில் பயிர் வாரியாக இருக்கும், வீட்டில் அதைப் படிப்பவர் யார்? லேபிளில் சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் கடுமையைச் சொல்லும். சிவப்புப் பட்டை போட்ட மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்தும், வீட்டுக் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் அதைச் சிபாரிசு செய்தவர்கள் உண்டு. பெரிய ஏற்றுமதியாளர்களே தப்பவில்லை: இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்தது. வேரில் ஊற்றினால் செடி முழுதும் பரவும் இமிடாகுளோபிரிட் போன்றவை சுலபமான வழியாகத் தோன்றும். அது பூவின் தேனுக்கும் போகிறது. தேனீக்களின் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் அதன் திறந்தவெளிப் பயன்பாட்டையே நிறுத்தியது. சிலந்திப்பேன் போன்ற, அந்த மருந்துக்குச் சாகாத வேறொரு கூட்டம் அதன்பின் பெருகுவதும் பதிவாகியிருக்கிறது.

அப்படியென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை, தண்ணீர்க் குழாயைத் திறக்கலாம். கொழுந்தில் அப்பிய அசுவினியை இலையின் அடிப்பக்கமாகப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலானவை கீழே விழும், வாயூசி ஒடிந்து விழுந்தவை மேலே ஏறி வருவதில்லை. காலையில் செய்தால் இலை மாலைக்குள் உலர்ந்துவிடும். மாவுப்பூச்சிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் காதி சோப்புக் கரைசலும். சோப்பு வேலை செய்வது பூச்சியின் மேல் ஈரமாகப் படும்போது மட்டும்தான். மெழுகைக் கரைத்து உடம்பை உலர்த்திக் கொல்லும். காய்ந்தபின் அதற்குச் சக்தி இல்லை, அடுத்து வரும் பொறிவண்டுக்கும் தீங்கில்லை. வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, சோப்பில் குழைத்து, சாயங்காலம் அடிக்க வேண்டும். அதன் வீரியப் பொருள் வெயிலில் சிதையும், உச்சி வெயிலில் அடித்தால் இலையும் கருகும். இதில் ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மயங்கிவிடவும் கூடாது. புகையிலைக் கஷாயம் இயற்கைதான், அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே மனிதனுக்கு ஏறும் கடுமையான விஷம். பாத்திரம் துலக்கும் திரவத்தை நாலு மூடி ஊற்றி அடிப்பதும் இயற்கை வைத்தியமாக உலவுகிறது. மறுநாள் இலை ஓரம் வெந்து நிற்கும்.

எல்லா வெள்ளையும் மாவுப்பூச்சி அல்ல, எல்லாக் கறுப்பும் கரும்பூசணம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரோஜா இலையின் மேற்பக்கம் விபூதி தூவியதுபோல் இருந்தால் அது சாம்பல் நோய், நிஜமான பூசண நோய். எறும்பைத் தடுத்துப் பயனில்லை. நெருக்கமாக நட்டு, நிழலில் வைத்து, காற்றோட்டம் இல்லாமல் செய்வதன் விளைவு அது. கந்தகத் தூள் அதற்குப் பழைய, பலிக்கும் மருந்து. ரோஜாவில் ஓரம் சிதறிய கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி மஞ்சளும் இருந்தால் கரும்புள்ளி நோய். அதன் வித்து முளைக்க இலை ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும், ஆகவே ராத்திரியில் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதே பாதி மருத்துவம். துணியால் துடைக்கும் அந்தச் சோதனை இங்கே கைகொடுக்கும். துடைத்துப் போகாத கறுப்புக்குத்தான் பூஞ்சாணக்கொல்லியைப் பற்றிப் பேசவே வேண்டும்.

கடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: செடிக்கு என்ன உரம் போடுகிறீர்கள்? பூக்கவில்லையே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் கொழுந்து மளமளவென்று வரும், மெத்தென்று சாறு நிறைந்து வரும், அசுவினியும் மாவுப்பூச்சியும் தேடுவது அதைத்தான். தழைச்சத்து கூடக்கூட சாறு உறிஞ்சும் பூச்சி கூடும் என்பது வயலிலும் தொட்டியிலும் ஒன்றே. தூசி படிந்த இலையில் சிலந்திப்பேன் கூடுவதால் ரோட்டோரத்து வீடுகளில் இலையைக் கழுவுவதே ஒரு வைத்தியம். பூச்சி பெரும்பாலும் நாற்றுப்பண்ணையிலிருந்து நாம் காசு கொடுத்து வாங்கிவரும் செடியோடுதான் வருகிறது. வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்ப்பதோடு, தொட்டியிலிருந்து மண்கட்டியை மெல்ல உருவி வேரையும் பாருங்கள். வேரில் தங்கும் மாவுப்பூச்சி மேலே தெரியாது. இரண்டு மூன்று வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்துவிட்டு அப்புறம் சேர்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கிளை கொத்தாகச் சுருண்டு வெள்ளையாகவே இருந்தால் மருந்தைத் தேடாமல் கத்தரியை எடுங்கள். சுருளுக்கு ஒரு சாண் கீழே வெட்டி, வெட்டியதை உதறாமல் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை இறுகக் கட்டி நல்ல வெயிலில் சில நாள் கிடத்தினால் உள்ளே எதுவும் பிழைக்காது. எருக்குழியில் போடவும் கூடாது, மதிலுக்கு அப்பால் வீசவும் கூடாது. புதிதாகப் பொரிந்த மாவுப்பூச்சிக் குஞ்சு காற்றில் பறக்கும் அளவுக்கு லேசானது, பக்கத்து வீட்டுச் செம்பருத்தி அதற்கு ஒரு தூரமே இல்லை.